பாட்டியின் சர்க்கரை மாத்திரையை நாய் தின்றுவிட்டது: உப்புத் தண்ணீர் ஊற்றலாமா?

2025 மார்ச் 3, இரவு 8.50 (கேள்வி: திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

எங்கள் வீட்டு நாய்க்கு நான்கு வயது, சிப்பிப்பாறைக் கலப்பு. என் மாமியார் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்த மாத்திரை அட்டையை அது கடித்துக் குதறிவிட்டது. சர்க்கரை மாத்திரை. இப்போது வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன், ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார். என் கணவர், நன்றாக இருக்கிற நாயை ஏன் வதைக்க வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மார்ச் 3, இரவு 8.58

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம், அம்மா. உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காலைவரை காத்திருக்கவும் செய்யாதீர்கள். குதறிய அட்டையைக் கிழிந்த துண்டுகளோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் எத்தனை மீதம் இருந்தது, எத்தனை மணிக்கு நடந்திருக்கும், நாயின் எடை என்ன என்ற மூன்றுக்கும் விடை தேடிக்கொண்டே வண்டிக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

நான் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கால்நடை மருத்துவன் இல்லை. மருந்தைப் பற்றித் தெரியும், நாயைப் பற்றி என் வீட்டு நாய்கள் கற்றுக்கொடுத்த அளவுக்குத் தெரியும்.

மார்ச் 3, இரவு 9.20

அட்டையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்தது என்றும், பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காலையில் ஆறு மாத்திரைகள் இருந்தன, இப்போது இரண்டு இருக்கின்றன. மாமியார் இரவு மாத்திரையை விழுங்கியதாகவும் சொல்கிறார், விழுங்கவில்லை என்றும் சொல்கிறார். அப்படியானால் நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதால் நாய்க்குக் கெடுதல் இல்லை. குறைத்துச் சொன்னால் உண்டு.

இதில் உள்ள கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சர்க்கரை நோய் இல்லாத உடம்பில் போனாலும் அது தன் வேலையைச் செய்யும். எஸ்.ஆர். என்றால் மெதுவாகக் கரைவது. ஆகவே சர்க்கரை இப்போது இறங்காமல் நள்ளிரவுக்கு மேல் இறங்கலாம். நாய் இப்போது வாலாட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வழியில் தள்ளாட்டமோ நடுக்கமோ தெரிந்தால், நினைவோடு இருக்கும் நாய்க்கு மட்டும், சீனிப்பாகையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

மார்ச் 4, காலை 6.10

தூக்கம் வரவில்லை. உப்புத் தண்ணீரைப் பற்றி நான் ஏன் அவ்வளவு கடுமையாக எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2011இல் என்னிடம் கறுப்பன் என்று ஒரு நாய் இருந்தது. ஒத்தக்கடையில் இப்போது இருக்கும் இதே வீடு. பல்வலிக்காக நான் வாங்கி வைத்திருந்த ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை அட்டை, ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. கறுப்பன் சட்டையை இழுத்துப் போட்டு அதைத் தின்றுவிட்டான். அந்தக் காலத்தில் அரளி விதை தின்றவர்களுக்கு உப்புத் தண்ணீரும் புளித் தண்ணீரும் கரைத்து ஊற்றுவதைப் பார்த்தே வளர்ந்த கை. மருந்தியல் படித்த மூளையைக் கேட்காமல் அதுவே முந்திக்கொண்டு உப்பு டப்பாவை எடுத்தது. இரண்டு பேர் வாயைப் பிளந்து பிடிக்க நான் ஊற்றினேன். வெள்ளை நுரையாக ஒரு தடவை கக்கினான். மாத்திரை ஒன்றும் வரவில்லை. பிறகும் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் தண்ணீர்ப் பானையைத் தேடி நக்கத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. உடம்பு நடுங்கியது. அது மாத்திரையின் வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு, "மாத்திரைக்கு வைத்தியம் பார்ப்பதா, உங்கள் உப்புக்கு வைத்தியம் பார்ப்பதா?" என்றார். வாந்தி வராமல் உள்ளே தங்கிவிட்ட உப்பு இரத்தத்தில் சோடியத்தை ஏற்றுகிறது. மூளைச் செல்களிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. நடுக்கம், வலிப்பு, சாவு வரை அதுவே கொண்டுபோகும். ஏழு மாத்திரைகள் தின்ற நாயை நான் எட்டாவதாக ஒரு நஞ்சையும் கொடுத்து அழைத்துப் போயிருந்தேன்.

கறுப்பன் பிழைத்தான். மூன்றாம் நாள் மலம் தார் போலக் கறுப்பாக வந்தது. வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்ததன் அடையாளம். ஈறின் நிறத்தைத் தினமும் பார்க்கச் சொன்னார் மருத்துவர். பாராசிட்டமால் அதிகமானால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் கெட்டு ஈறு காப்பிப்பொடி நிறத்துக்குத் திரும்பும், முகமும் பாதமும் வீங்கும் என்று அப்போதுதான் நேரில் கேட்டுக்கொண்டேன். அதற்கு மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைனைக் கால்நடை மருந்துக் கடைகளில் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் அரசு இராசாசி மருத்துவமனைக்கு எதிரே மனிதர்களுக்கான மருந்துக் கடையில் வாங்கினேன். விஷமும் முறிவும் ஒரே கடைச் சரக்கு.

மார்ச் 4, காலை 11.30

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். கறுப்பன் தின்றது ஏழு இல்லை, ஐந்து. இரண்டு மாத்திரைகள் மறுநாள் பீரோவுக்கு அடியில் கிடைத்திருக்கின்றன. அந்த வரியை நானே எழுதி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்.

மருத்துவரிடம் ஏழு என்று சொல்லித்தான் சிகிச்சை நடந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், 18 கிலோ நாய்க்கு ஐந்து மாத்திரை என்பது ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 111 மில்லிகிராம், பாராசிட்டமால் கிலோவுக்கு 90. முன்னது நாயின் வயிற்றில் புண் வரத் தாராளமாகப் போதும்; பின்னது ஈரலுக்கு ஆபத்து தொடங்கும் எல்லைக்கு அருகில். ஏழாக இருந்திருந்தால் ஐபுபுரூஃபன் 156 ஆகியிருக்கும். சிறுநீரகம் கெடத் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும் 175க்குப் பக்கத்தில். இரண்டு மாத்திரையில் வைத்தியத்தின் போக்கே மாறிவிடும் என்பதால்தான் அட்டையை எண்ணச் சொல்கிறேன்.

மார்ச் 4, மாலை 5.00

இன்னொரு திருத்தம். நேற்று எஸ்.ஆர். என்றால் சர்க்கரை மெதுவாக இறங்கும் என்று எழுதியது சரியில்லை. இந்த வகை மாத்திரைகளில் மெதுவாகக் கரையும்படி செய்திருப்பது மெட்ஃபார்மின் பகுதியைத்தான். கிளிமிபிரைடு பகுதி உடனே கரைவது. ஆனால் அதன் வேலை இயல்பாகவே ஒரு நாள் அளவுக்கு நீளும். காரணம் தவறு; எச்சரிக்கை சரி. 31 ஆண்டுகள் இதைத்தான் விற்றேன் என்பதை என் முன்னாள் முதலாளி படிக்காமல் இருக்க வேண்டும்.

மார்ச் 5, இரவு 7.40

வாசகி இன்று விவரமாக எழுதியிருந்தார். தின்று இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மதுரையில் மருத்துவரிடம் சேர்ந்துவிட்டார்கள். வாந்தி வரவைக்க ஊசி போட்டதில் இரண்டரை மாத்திரை அளவுக்கு வெளியே வந்திருக்கிறது. கணவர், வெளியே வந்துவிட்டதே, வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார். மருத்துவர் விடவில்லை. இரவு முழுவதும் வைத்துப் பார்த்ததில் அதிகாலை மூன்று மணிக்கு நாய் எழுந்து நிற்க முடியாமல் பின்னங்கால்கள் மடிந்து விழுந்திருக்கிறது. இரத்தச் சர்க்கரை 41. உடனே குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மீதமிருந்த ஒன்றரை மாத்திரை செய்த வேலை அது.

அவர் கேட்ட கேள்வி: மாமியாருக்குச் சோதிக்கும் கருவியால் வீட்டிலேயே நாய்க்குப் பார்க்கலாமா? காது மடலின் ஓரத்தில் குத்திப் பார்க்கலாம். மனிதர்களுக்கான கருவி நாயின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் அனுப்பிய பிறகு வீட்டில் கண்காணிக்க அது உதவும். மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கான சாக்காக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

மார்ச் 8, காலை 7.15

ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வதை ஒருவர் எடுத்துக் கேட்டிருக்கிறார். அங்கே சொல்வது 3 விழுக்காட்டுக் கரைசலை. அதையும் மருத்துவர் தொலைபேசியில் அளவு சொல்லி, கொடு என்ற பிறகுதான் கொடுக்கிறார்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் புண் கழுவக் கொடுக்கும் புட்டி பெரும்பாலும் 6 விழுக்காடு. அட்டையில் 20 வால்யூம் என்று இருக்கும். காணொளியில் சொன்ன மில்லி கணக்கை இந்தப் புட்டியிலிருந்து அளந்தால் இரண்டு மடங்கு காரம் தொண்டையிலும் வயிற்றிலும் இறங்கும். ஏற்கெனவே வலி மாத்திரையால் புண்ணாகப் போகும் வயிறு அது.

வாந்தியே எடுக்க வைக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு: மயங்கிக் கிடக்கும் நாய், வலிப்பு வந்த நாய், தள்ளாடும் நாய், மூக்கு சப்பையான பக் போன்ற இனங்கள், மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்தவை. இவற்றில் வாந்தி நுரையீரலுக்குப் போவது மாத்திரையைவிட வேகமாகக் கொல்லும்.

நாய்க்கு அடுப்புக்கரி கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: மருத்துவர் கொடுப்பது செயலூட்டிய கரி, அதாவது வயிற்றில் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படி பதப்படுத்திய கரி, வேறு பொருள். அதன் அளவு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் வரை. வாயுத் தொல்லைக்கு நாம் வாங்கும் கரி மாத்திரை 250 மில்லிகிராம் என்றால் 14 கிலோ நாய்க்கு 56 மாத்திரைகளாவது வேண்டும். அத்தனையை நாய்க்கு விழுங்க வைக்கத் தெரிந்தவர் இருந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள். இப்போது என்னிடம் இருக்கும் நாய் செவலைக்கு ஒரு பூச்சி மாத்திரை கொடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.

மார்ச் 8, காலை 7.40

பாலும் வேண்டாம். முட்டையும் வேண்டாம். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மார்ச் 15, இரவு 10.05

எந்த மாத்திரை எவ்வளவு ஆபத்து என்று ஒரு பட்டியல் போடச் சொல்கிறீர்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு நம்முடையது அதில் இல்லை என்று யாராவது நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள் என்பதால் தயங்குகிறேன். நம் வீடுகளில் உண்மையில் கிடக்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தைராய்டு மாத்திரைக்குத்தான் பலர் பதறுகிறார்கள். நாய் அதை நன்றாகத் தாங்கும். நாய்க்குத் தைராய்டு குறைந்தால் மருத்துவர் எழுதும் அளவே, எடைக்கு எடை, நம்முடையதைவிடப் பல மடங்கு அதிகம். ஒன்றிரண்டு போனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கவனித்துக்கொண்டால் போதும் என்பார்கள். அதற்கு நேர்மாறாக, கடுகு போலச் சிறிதாக இருக்கும் அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. நாயின் அழுத்தத்தை அது இறக்கிவிட்டால் தூக்கி நிறுத்துவது மருத்துவமனையிலேயே பெரும்பாடு.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை மொத்தமாகத் தின்றால் சத்து என்று நினைக்காதீர்கள். ஒன்றில் 60 முதல் 100 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமிலேயே தொல்லை தொடங்கும், 60ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. செயலூட்டிய கரி இரும்பைப் பிடித்துக்கொள்வதும் இல்லை.

காசநோய் மாத்திரை உள்ள வீட்டில் நாய் இருந்தால் தனி எச்சரிக்கை தேவை. அதில் உள்ள ஐசோநியாசிடைச் செயலிழக்கச் செய்யும் வழி நம் ஈரலில் இருக்கிறது, நாயின் ஈரலில் இல்லை. பெரியவர்களுக்கான நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் ஐசோநியாசிட் உண்டு; 10 கிலோ நாய் ஐந்து மாத்திரை தின்றால் சீக்கிரமே கட்டுக்கடங்காத வலிப்பு வரலாம். அதற்கு முறிவு பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6. தின்ற ஐசோநியாசிட் எத்தனை மில்லிகிராமோ அத்தனை மில்லிகிராம் கொடுப்பார்கள். எண்ணிக்கை தெரியாமல் போனால் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. காசநோய் மாத்திரை என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஏதோ மாத்திரை என்று மழுப்பினால் மருத்துவர் கையில் ஒன்றும் இருக்காது.

வைட்டமின் மாத்திரைகளால் பெரிய கெடுதல் இல்லை.

மார்ச் 16, காலை 5.50

மேலே கடைசியாக எழுதிய வரியை மறந்துவிடுங்கள். படுத்த பிறகுதான் உறைத்தது.

வாரம் ஒன்று என்று நமக்கு எழுதித் தரும் வைட்டமின் டி3, 60,000 யூனிட், நாய் விஷயத்தில் இந்த இழையிலேயே மோசமானவற்றுள் ஒன்று. 60,000 யூனிட் என்பது 1.5 மில்லிகிராம். நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமில் வாந்தி, சோர்வு தொடங்கும், 0.5 மில்லிகிராமில் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். 12 கிலோ நாய் ஒன்றை விழுங்கினாலே முதல் எல்லை தாண்டியது, நான்கில் இரண்டாவது எல்லை. பெட்டியில் வருவதே பெரும்பாலும் நான்குதான். ஜெல்லி போல உருண்டையாக இருக்கும். பொடியாக வருவது இனிக்கும். தின்ற அன்று நாய் நன்றாக இருக்கும்; கால்சியம் ஏறுவது ஒன்று முதல் மூன்று நாள்களில். கொழுப்பில் தங்கிவிடுவதால் வாரக்கணக்கில் இறங்காது. சத்து மாத்திரைதானே என்று நானே எழுதினேன் பாருங்கள்.

மார்ச் 23, பகல் 3.30

ஒரு வாசகர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்: மாத்திரையைக் கீழே போடும் அளவுக்கு யார் கவனமில்லாமல் இருப்பார்கள்? நான் கடையில் நின்ற காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். நாய் தானாகத் திருடித் தின்றதாக வந்தவர்கள் சிலர்தான். "நாய்க்குக் காய்ச்சல், ஒரு பாராசிட்டமால் கொடுங்கள், பாதி போதும்" என்று வந்தவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. விழுங்கியதைவிட நாம் ஊட்டியதே அதிகம் என்பது என் அனுபவம்.

இதற்கு ஒரு காரணம் எளிமையானது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. தொட்டுப் பார்க்கும் மனிதக் கைக்கு நல்ல நாயே காய்ச்சல் நாயாகத்தான் தெரியும். காதைத் தொட்டுவிட்டு மாத்திரை வாங்க வந்தவர்களிடம் நானும் பல ஆண்டுகள் பாதி மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். அந்தப் பாதி பெரிய நாய்க்கு ஒன்றும் செய்யாமல் போயிருக்கலாம். ஆனால் அதே வீட்டில் பூனை இருந்து அதற்கும் கால் பங்கு போனால், பூனை பிழைக்காமலே போயிருக்கலாம். நான் கேட்டதில்லை. பூனை இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டைக்குளோஃபினாக் என்ற வலி ஊசியும் அப்படித்தான். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது நாய்களுக்காக இல்லை, கழுகுகளுக்காக. அந்த ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு அவை கூட்டங்கூட்டமாக அழிந்தன. பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை மாட்டுக்கு வாங்கிப் போனார்கள் என்பதால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். பாதையை விட்டு விலகிவிட்டேன். நொண்டும் நாய்க்குத் தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையைக் கொடுப்பவர்களுக்காகவே இதைச் சொல்ல வந்தேன். கெடுவது அங்கேயும் வயிறும் சிறுநீரகமும்தான்.

மார்ச் 30, காலை 8.00

எடை. இரண்டு பேர் "சுமார் 25 கிலோ இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் உயரத்தில் ஏமாற்றும். தொடையும் விலாவும் ஒட்டிய உடம்பு. செவலையை நான் 22 என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன்: 16.5. நான் மனத்தில் வைத்திருந்த ஆபத்தில்லாத எண்ணிக்கை எல்லாம் அன்றே தப்பாயின. இப்போது மாதம் ஒரு தடவை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன். என் எடையும் கூடவே தெரிந்துவிடுவது ஒன்றுதான் குறை.

மே 9, இரவு 9.10

வரும் 12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிறார். வேட்டுச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மிரளும் நாய்க்கு வீட்டுப் பெரியவரின் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அல்பிரசோலம் போன்றவற்றை மருத்துவர்களே நாய்களுக்கு எழுதுவதுண்டு. ஆனால் சில நாய்கள் அதில் அடங்குவதற்குப் பதிலாக வெறிபிடித்ததுபோல் அலைந்து கடிக்கவும் வரும். கோரிப்பாளையம் பக்கம் சாலை முழுதும் அடைத்துக் கிடக்கும் அந்த இரவில் அப்படி ஒன்று நடந்தால் வண்டி எதில் போகும்? மருந்து வேண்டுமென்றால் நாளையே மருத்துவரிடம் நாயைக் காட்டி, அளவு கேட்டு, சாலை திறந்திருக்கும்போதே ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். ஆற்றுக்கு வடகரையில் ஒரு மருத்துவர், தென்கரையில் ஒரு மருத்துவர் என இருவரின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்புறத்தில் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு உரியது.

மே 10, காலை 6.30

திருமங்கலத்து வாசகி நேற்று இரவு எழுதினார். நாய் நன்றாக இருக்கிறது. மாமியாரின் மாத்திரைகளை மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு உத்தரத்து ஆணியில் மாட்டியிருக்கிறார்களாம். வாளியை இறக்கும் சத்தம் கேட்டால் நாய் எங்கிருந்தாலும் ஓடிவந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறதாம்.